கறுத்த மண்ணுக்குச் செப்பு

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே மேற்கிலிருந்து கச்சான் காற்று. ஜன்னல் சீலை ஒரு நிமிடம் ஓய்ந்து தொங்கவில்லை. அறை முழுக்க மணல். கூட்டி அள்ளினேன். மறுபடி மணல்.

சுபஹ் தொழுகை. யாஸீன் ஓதல். தேத்தண்ணி பாதி. நஸீஹா கொண்டுவந்த இடியப்பம் மூடியபடியே மேசையில்.

இவர், ஹாரிஸ், மௌத்தாகி இன்னும் ஒரு மாதம் நிறையவில்லை. புருஷன் மௌத்தானால் பெண் வீட்டோடு இருக்கும் இத்தா நாலு மாதம் பத்து நாள். வருகிற பெண்களெல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள். "பொறுத்துக்கங்க புள்ள, கண்ண மூடித் துறக்கக்குள்ள முடிஞ்சிரும்." முடிந்ததும் வீட்டை விட்டு வெளியே போகலாம். போய்?

விவசாயக் கந்தோரில் லீவு. ஆனாலும் போன் அடிக்கிறது. இன்று இறக்காமத்திலிருந்து ஒரு விவசாயி. "மிஸ், ராவு யானை வந்து வேலிய முறிச்சிட்டு. வாழயும் போச்சி. எப்ப வந்து பாப்பீங்க?" அவருக்குச் செய்தி தெரியாது போல. விவசாயப் போதனாசிரியர் என்றால் யானைக்கும் பதில் சொல்ல வேண்டும். வேறு ஒரு மிஸ்ஸின் நம்பரைக் கொடுத்தேன். இவர் மௌத்தான கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு நஸீஹா. என் தங்கை, அடுத்த வளவில் வீடு. பொழுதுபடுவதற்குள் எத்தனை தடவை எட்டிப் பார்ப்பாள் என்று கணக்கில்லை. இன்று கையில் ஒரு பத்திரிகைப் பொட்டலம். பிரித்தாள். மரவள்ளிக் கொழுந்து.

"ராத்தா, மச்சாண்ட தோட்டத்துக்குப் போய்ட்டு வாறன். இஞ்ச பாருங்க, எல எப்பிடிப் போகுதெண்டு."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பொட்டலத்தை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பார்த்தேன். இலை நுனி கருகி, மேல்நோக்கிச் சுருண்டு, சின்னக் கிண்ணம் போல. நரம்புகளுக்கு நடுவில் வெளிறிய கோடுகள். அகலமாக வரவேண்டிய இலை விரல் மாதிரி ஒடுங்கி.

செப்புச் சத்து இல்லை. நாகச் சத்தும் இல்லை.

மனம் செத்துக் கிடக்கிறது. கண்ணுக்கு மட்டும் உத்தியோகம் முடியவில்லை.

ஜூலை 5, சனி

வெயில். உடுப்புத் தோய்த்தேன். இவருடைய சாரன் ஒன்று கூடைக்குள் கிடந்தது. அதைத் தோய்க்கவில்லை.

தோட்டம் ஞாபகத்திலேயே நிற்கிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறுமோ என்னவோ.

ஊருக்கு மேற்கே, வயற்கண்டம் முடிந்து களப்புத் தண்ணீரின் நாணல் தொடங்கும் இடம். மாமாவின், இவருடைய வாப்பாவின் காணி. அவர் போன பிறகு இவருக்கும் இவருக்கு மூத்தவரான காக்காவுக்கும் பொது. வேளாண்மை செய்து பார்த்து, நெல் பதராகிப் போய், கைவிட்ட நிலம். மண் கன்னங்கரேல். கையில் அள்ளினால் கனமே இராது, வடித்த தேயிலைச் சக்கை போல. நாணலும் பன்புல்லும் காலங்காலமாகத் தண்ணீருக்குள் விழுந்து, அழுகியும் அழுகாமலும் கிடந்து, அதுவே மண்ணாகிப்போனது.

கட்டார் வேலையை விட்டு ஒரேயடியாக வந்த பிறகு அதற்குள் போய் நின்றுகொண்டு சொன்னார்: "இதில மரவள்ளியும் வத்தாளைக் கெழங்கும் போடுவம் புள்ள."

சும்மா வராது என்றேன். இந்த மண்ணில் தழைச்சத்துக்குக் குறைவில்லை, செடி மளமளவென்று எழும்பும். ஆனால் செப்பு, நாகம் எனப்படும் துத்தநாகம், போரன் என்று துளியளவு தேவைப்படுகிற சத்துகள் சில இருக்கின்றன. இங்கே அவை இல்லை. இருக்கிற கொஞ்சச் செப்பையும் இந்த மண் தன்னோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு விடாது. செப்பும் நாகமும் கிடைக்காவிட்டால் கொழுந்து கருகும். போரன் கிடைக்காவிட்டால் கிழங்கு வெளியே அழகாக இருக்கும், வெட்டினால் உள்ளே தக்கை.

கவனமாகக் கேட்டுவிட்டு இவர் சொன்ன பதில்: "அப்ப எங்கட காக்காவப் போலதான் இந்த மண்ணும். எல்லாம் உள்ளுக்குள்ள இரிக்கி, வெளிய ஒண்டும் வராது."

வரம்பில் உட்கார்ந்து இருவரும் சிரித்த சிரிப்பு. நாரை கிளம்பிப் போனது.

மேடு கட்டி, தண்ணீர் வடியக் கான் வெட்டி, மரவள்ளித் தடியும் வத்தாளைக் கொடியும் ஊன்றினார். நடுவாய்க்காலுக்கு வடக்குப் பக்கம் மூன்று சத்தும் போட்டு முடித்தோம். தெற்குப் பக்கத்துக்குச் சாமான் பிந்தித்தான் வந்தது. பின்னறையில் இறக்கி வைத்துவிட்டு, வாற கிழமை போடுவோம் என்றார்.

அந்தக் கிழமைதான். தோட்டத்தில், கான் வெட்டிக்கொண்டிருக்கும்போது, மண்வெட்டியை ஊன்றிப் பிடித்தபடி உட்கார்ந்தாராம். காக்காதான் தூக்கிக்கொண்டு ஓடியது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்பே முடிந்துவிட்டது. நெஞ்சு.

ஆறவில்லை. எழுதினால் ஆறும் என்று யார் சொன்னது?

ஜூலை 8, செவ்வாய்

மந்தாரம். மழை இல்லை. வரவும் வராது.

பெரிய மச்சான் வந்தார். இவருடைய காக்கா. முன்மண்டபத்தில் அவர், சீலைக்கு இந்தப் பக்கம் நான். நடுவில் நஸீஹா, தேத்தண்ணிக் கோப்பையோடு.

"ஒடம்பு எப்பிடி மச்சி?"

"அல்ஹம்துலில்லாஹ்."

கோப்பை வைக்கும் சத்தம். பிறகு:

"மச்சி, தோட்டம் சரிவராது போல கெடக்கு. தெக்குப் பக்கம் பூரா மஞ்சளடிச்சிப் போச்சி. ஒரு ஆள் வந்து கேக்காரு. கிரவல் மண் கொட்டி நெரப்பி, வீட்டு வளவாக்கி எடுப்பாராம். நீங்க ஓமெண்டா…"

"அவர் ஊண்டின தடி மச்சான்."

"தெரியும்."

"தெரிஞ்சிமா கேக்கீங்க?"

மூக்கை உறிஞ்சும் சத்தம். நஸீஹா சீலைக்குள் தலையை நீட்டி வாயசைத்தாள்: அழுகிறார். எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர்.

"பயிர் நிமிந்தா நான் வாய் துறக்க மாட்டன். நிமிராட்டி அந்த ஆளுக்குச் சொல்லிருவம்" என்றார். எழும்பிப் போனார். தேத்தண்ணி குடிக்கவில்லை.

நியாயமான பேச்சு. ஆனாலும் அந்த நிலத்தின் பெயரை எடுக்கும்போது அவர் குரலில் ஒரு வெறுப்பு. ஏன்? அது அவருடைய வாப்பாவின் காணியும்தானே.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ பயான் ஒலிபெருக்கியில். காற்று அதைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்தது. பாதி விளங்கவில்லை.

மண்ணில் போடுவது மெதுவாகத்தான் வேலை செய்யும். வாடுகிற பயிருக்கு முதலில் இலையில் அடிக்க வேண்டும். நான் போக முடியாது. நஸீஹா போகிறேன் என்கிறாள். தையல் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு.

அவளுக்குச் சொன்னது: நீலத் தூள்தான் செப்பு. மருந்தடிக்கும் டாங்கி ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி. சுண்ணாம்புத் தெளிநீர் சேர்க்காமல் அடிக்கக் கூடாது, இலையைச் சுட்டுவிடும். வெயில் சாய்ந்த பிறகு மட்டும். முகத்துக்குத் துணி. நாகம் வேறாக, மறுநாள்.

"வெளங்கிச்சாகா?"

"ஓம் ராத்தா. நான் என்ன சின்னப் புள்ளயா?"

பின்னறையைத் திறந்து தூளை எடுத்துக் கொடுத்தேன். பையின் வாயை இவர் கட்டியிருந்த கட்டு. எப்போதும் போல இரட்டை முடிச்சு. அவிழ்க்க நேரமெடுத்தது. கத்தியால் வெட்டச் சொன்னாள். வெட்டவில்லை.

ஜூலை 12, சனி

நஸீஹா பகலே திரும்பிவிட்டாள். முகம் கன்றிச் சிவந்து. "முடிஞ்சி ராத்தா." சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

"இப்பவேயா? வெயில் சாயல்லயே!"

"டாங்கி இரவல்தானே. அவங்களுக்கு அஸருக்கு முந்தி வேணுமாம்."

"சுண்ணாம்பு?"

கைப்பையைத் திறந்து பார்த்தாள். பிறகு, "கொண்டு போக மறந்துட்டன்."

"எந்தக் கரண்டியால போட்டாய்?"

கையால் காட்டினாள். மேசைக்கரண்டி.

ஜூலை 15, செவ்வாய்

தெற்குப் பக்கம் முழுக்க நெருப்புப் பட்டது போல என்று பெரிய மச்சான் போனில் சொன்னார். குரலில் குத்தல் இல்லை. களைப்பு மட்டும்.

நஸீஹா என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். "நான் சாகடிச்சிட்டன் ராத்தா. மச்சாண்ட பயிர நான் சாகடிச்சிட்டன்." தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். நானும் சேர்ந்து அழுதேன். அவள் பயிருக்கு அழுதாள். நான் எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியாது. ஜனாஸா எடுக்கும்போதுகூட இப்படி அழவில்லை.

அரிசி முடிந்துவிட்டது. எண்ணெயும். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

மரவள்ளித் தண்டில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று நகத்தால் சுரண்டினால் தெரியும். அதைப் போனில் சுரண்ட முடியாது.

மௌலவிக்குப் போனில் கோல் எடுத்தேன். எனக்குப் போக வேண்டும், போகலாமா என்று கேட்டேன். நிதானமாகக் கேட்டார். என்ன பயிர், ஏன் வேறு ஆள் பார்க்க முடியாது, எவ்வளவு தூரம். பிறகு: "தேவயெண்டா பகல்ல போகலாம் தங்கச்சி. அலங்காரமில்லாம, பர்தாவப் பேணி. பொழுதுபட முந்தி வீட்ட வந்துருங்க. அல்லாஹ் லேசாக்குவான்."

நஸீஹாவுக்குப் பயம். "ஊரு சும்மா இரிக்குமா ராத்தா? புருஷன் மௌத்தாகி ஈரம் காயல்ல, தோட்டத்துக்குப் போறா எண்டு கதைப்பாங்களே."

கதைக்கட்டும்.

பெரிய மச்சானுக்குச் சொல்ல வேண்டுமே. சொன்னேன். "உங்கட விருப்பம் மச்சி" என்று வைத்துவிட்டார். பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

மஃரிபுக்குச் சற்று முன் அவரிடமிருந்தே கோல். "சனிக்கிழம காலயில ஆட்டோ வரும். ரெண்டு பக்கமும் சீலை கட்டச் சொல்லியிரிக்கன். நானும் வாறன். உரம் தூக்க ஆள் வேணுமே."

ஜூலை 19, சனி

போய் வந்தேன். எழுதுவதா வேண்டாமா என்று அஸர் முதல் உட்கார்ந்திருக்கிறேன்.

வரிசையாக எழுதுகிறேன்.

ஆட்டோச் சீலை இடுக்கால் ஊர். கடைத்தெரு, மீன் வண்டில், ஐஸ் பெட்டி, பள்ளிச் சுவர். எல்லாம் இருந்த இடத்தில். எனக்கு அது அநியாயமாகப் பட்டது.

வயற்கண்டத்தில் இறங்கி நடந்தோம். கறுத்த மண் தொடங்குமிடத்தில் கால் மெத்தையில் வைத்தது போல அமிழ்ந்தது. மண் காய்ந்திருந்தது. காய்ந்தால் இது வெடிக்கும், சுருங்கும், பிறகு தண்ணீரைக் குடிக்காது. வாய்க்கால் வாயைத் திறந்து தண்ணீர்மட்டத்தை ஏற்ற வேண்டும். யாரும் செய்யவில்லை. செய்கிற ஆள் இல்லை.

வடக்குப் பக்கம்: கரும்பச்சை, என் தோளுக்கு மேல். ஒவ்வொரு இலையும் விரித்த கை. இவர் கை பட்டது.

தெற்குப் பக்கம்: பழுப்பு. இலையெல்லாம் சருகு. நஸீஹா அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

முதல் செடியில் நகத்தால் தோலைச் சுரண்டினேன். காய்ந்திருந்தது. கொஞ்சம் கீழே சுரண்டினேன். பச்சை. ஈரப் பச்சை. அடுத்தது, அதுவும். அதற்கடுத்தது செத்திருந்தது. அதற்கடுத்தது பச்சை.

"நஸீஹா, இஞ்ச வாகா. நீ கொல்லல்ல. பார்."

வந்து பார்த்தாள். தானும் சுரண்டிப் பார்த்தாள். மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செப்பையும் நாகத்தையும் உலர்ந்த மணலோடு கலந்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி மூடிக்கொண்டு போனோம். மரவள்ளிக்கும், கடைசி மேடுகளில் படர்ந்த வத்தாளைக் கொடிக்கும். போரன் மட்டும் சிட்டிகைக்கும் குறைவு. குறைந்தாலும் கேடு, கூடினால் விஷம். அதை நான் மட்டுமே போட்டேன்.

பெரிய மச்சான் வாய்க்கால் வாயில் நின்று மண்வெட்டியால் அடைப்பை உடைத்துக்கொண்டிருந்தார். கறுத்த தண்ணீர் மெதுவாக உள்ளே வந்தது. நஸீஹா தண்ணீர்ப் போத்தல் எடுக்க ஆட்டோவுக்குப் போயிருந்தாள். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கதைத்தார்.

"மச்சி, ஒண்டு சொல்லணும். சொல்லாம இருக்க ஏலாமக் கெடக்கு."

"சொல்லுங்க."

"அவன் மௌத்தாகிறதுக்கு முந்தின நாள் நெஞ்செரியுது காக்கா எண்டான். எடது கை வெறைக்குது எண்டும் சொன்னான். இந்த எடத்திலதான் நிண்டம்."

நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு வா எண்டன். வரமாட்டன் எண்டான். புள்ளக்கிச் சொல்லிராதீங்க, சொன்னா என்னப் படுக்க வெச்சிருவா, இந்தக் கெழம உரம் போட்டு முடிக்கணும் எண்டான். நானும் வாய்வா இரிக்கும் எண்டு விட்டுட்டன். உங்களுக்குச் சொல்லல்ல."

"ஒரு கோல் எடுத்திரிக்கலாமே மச்சான்."

"ஓம்."

"ஒரேயொரு கோல்."

"ஓம் மச்சி." மண்வெட்டிப் பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இந்தக் காணியக் கண்ணால காண ஏலாது எனக்கு. கிரவல் கொட்டி, மேல வீடெழும்பிட்டா, இந்த எடம் எது எண்டு தெரியாமப் போயிருமே எண்டுதான்…"

தண்ணீர் என் காலுக்கு வந்துவிட்டது. சப்பாத்து நனைந்தது. நஸீஹா போத்தலோடு வந்தாள். எல்லோரும் குடித்தோம். மிச்ச உரத்தையும் போட்டு முடித்தோம். வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்றும் எழுத ஏலாது.

ஜூலை 22, செவ்வாய்

நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கலாம். உரத்துக்கு என்ன அவசரம்? மரவள்ளி காத்திருக்கும். வத்தாளை காத்திருக்கும். இந்த மண் நான் பிறக்க முந்தியே காத்திருந்த மண். ஒரு நாள். ஒரு ஈசீஜீ. என் கையைப் பிடித்து, புள்ள, நோகுது என்று ஒரு வார்த்தை.

படுக்க வைத்திருப்பேன்தான். அதற்குத்தானே நான்.

செப்பு, நாகம் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன் என்று ஒரு நினைப்பு வந்து போகிறது. அதற்கு இடம் கொடுக்க மாட்டேன். ஆனால் நினைப்பு இடம் கேட்டு வருவதில்லை.

காலை: பருப்பு, சோறு. நஸீஹா முன்னால் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். பக்கத்து வீட்டில் கலியாணப் பந்தல் போடுகிறார்கள். சுத்தியல் சத்தம். யாரோ உரக்க: "இந்தப் பக்கம் சாயுதுடா, கயித்த இழு!"

ஜூலை 29, செவ்வாய்

பெரிய மச்சான் வந்தார். தலையிடி, படுத்திருக்கிறா என்று சொல்லச் சொன்னேன். நஸீஹா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் இப்போது தெரியும்.

"அவரும் பாவம் ராத்தா. வாப்பா போல வளத்தவரு."

"தெரியும்."

"மறுகா?"

பிறகு என்ன? பாவம்தான். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. அவர் வாயைத் திறந்திருந்தால் இவர் இன்று தேங்காய் துருவிக்கொண்டிருப்பார்.

போகும்போது அவர் ஜன்னலடியில் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார். பச்சைக் குருத்து, வாழைமட்டையில் சுற்றியபடி. கருகிய தண்டுக்குக் கீழிருந்து விட்ட புதுக் குருத்து. இலை அகலம். கோடு இல்லை. நுனி சுருளவில்லை.

தண்ணீரில் போட்டு வைத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து அழுகை. இலை திரும்பி வருகிறது. இலைக்குத் தெரிகிறது.

ஓகஸ்ட் 7, வியாழன்

உச்சி வெயில். கடற்காற்றுகூட இல்லை.

இவருடைய போனை இன்னும் சார்ஜ் பண்ணி வைத்திருக்கிறேன். நஸீஹாவுக்குப் பிடிக்கவில்லை. இன்று அது அடித்தது. கல்முனைச் சந்தையில் கிழங்குக் கடை வைத்திருக்கிறவராம்.

"ஹலோ, ஹாரிஸ் நானாவா கதைக்கிறது?"

"அவர்ட வீட்டுக்காரி."

"ஆ, தங்கச்சி. வத்தாளை எப்ப கிண்டுவீங்கெண்டு கேளுங்க. வேற ஆளுக்குக் குடுத்துராதீங்க, எனக்குத்தான் தாறன் எண்டு சொன்னவரு. கறுத்த மண்ணுக் கெழங்கு மாப்போல இரிக்குமெண்டு பெரும பேசினவரு. இரிக்காரா? குடுங்க ஒருக்கா."

அந்த ஒரு நிமிடம் உலகத்தில் ஒரு மனிதருக்கு இவர் உயிரோடு இருந்தார். அவர் குரலில் அந்தக் கேலி, அந்த உரிமை. கெடுக்க மனம் வரவில்லை.

"வெளிய போயிரிக்காரு" என்றேன். "கிண்டக்குள்ள சொல்லி அனுப்புறம்."

வைத்தபிறகு அந்தப் போனைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். லுஹர் தொழ எழும்பினேன். சொன்ன பொய்க்குத் தவ்பா செய்தேன். பிறகு அந்த மனிதருக்கு நானே கோல் எடுத்து உண்மையைச் சொன்னேன். இன்னாலில்லாஹி என்றார்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

வெகுநாள் எழுதவில்லை. எழுத என்ன? ஒரே நாள் திரும்பத் திரும்ப.

இன்று வத்தாளை கிண்டிப் பார்த்தார்கள். பெரிய மச்சானும் நஸீஹாவும். வடக்கில் ஒரு கூடை, தெற்கில் ஒரு கூடை. குசினியில் பலகையை வைத்து வெட்டினேன்.

வடக்கு: தோல் சிவப்பு, உள்ளே வெண்ணெய் நிறம், கறை இல்லை. பால் கசிந்தது.

தெற்கு: வெளியே அதே அழகு. வெட்டினால் சிலது சுத்தம், பலதில் நடுவே பழுப்புத் தக்கை. போரன் பிந்திப் போனது. பயிரின் ஒரு வயதில் கிடைக்க வேண்டியது, அந்த வயது கடந்தபிறகு எவ்வளவு கொட்டினாலும் உள்ளே போய்ச் சேராது. இதைப் பயிற்சி வகுப்புகளில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இன்று கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

நஸீஹா மெல்லச் சொன்னாள்: "கிரவல் போடக் கேட்ட ஆள இனி வரவேணாமெண்டு சொல்லிட்டாராம், பெரிய மச்சான். அவரே சொன்னாரு. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பொறகு போய்த் தண்ணி பாக்காரு."

வடக்குக் கிழங்கை உப்புப் போட்டு அவித்தேன். தேங்காய்ப்பூ. இருவரும் சாப்பிட்டோம். மாப்போலத்தான் இருந்தது. இவர் பெருமை பேசியது பொய்யில்லை. தண்ணீர் குடித்து இறக்கினேன்.

ஒரு தட்டில் மூடிப் பெரிய மச்சான் வீட்டுக்கு அனுப்பினேன். பெண்டாட்டி பிள்ளைகளும் சாப்பிடட்டும் என்று நஸீஹாவிடம் சொன்னேன். அவருக்கென்று சொல்லவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

இத்தா முடிந்தது. குளித்தேன். பெண்கள் வந்தார்கள், துஆ ஓதினார்கள், கஞ்சி குடித்தார்கள். நஸீஹா நீலச் சீலை கொண்டுவந்தாள். உடுத்தேன். கண்ணாடி பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். யாரோ ஒருத்தி.

ஒருவர் வாசலில் மற்றவரிடம்: "பாவம், புள்ளகூட இல்ல. ஒரு புள்ள இருந்திரிந்தா மொகத்தப் பாத்துக்கிட்டு இரிக்கலாம்." எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னது. பிழை சொல்ல ஏலாது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் முதல் கந்தோர்.

ஒக்டோபர் 25, சனி

வாடைக் காற்று திரும்பிவிட்டது. கிழக்கே கடல்மேல் கறுப்பு. மாரி தொடங்கினால் களப்பு ஏறும், கிழங்கு தண்ணீருக்குள் அழுகும். ஆகவே இன்றே மரவள்ளி.

நஸீஹா, நான், பெரிய மச்சான். சுபஹ் தொழுதுவிட்டு நேரே போனோம். தெற்கிலிருந்து தொடங்கினோம். தடியை வெட்டிச் சாய்த்து, அலவாங்குக் கம்பியால் அடியை நெம்பி, அடித்தண்டைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்த மண்ணில் இலேசாக வரும். சிலது இழுத்ததும் வெறும் வேர், பூனை வால் போல. சிலது தடித்த கிழங்கு, கறுப்பு மண் ஒட்டியபடி. கருகிய செடிகள் இவ்வளவு தந்தது நம்ப முடியவில்லை. நஸீஹா ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினாள். "இஞ்ச பாருங்க ராத்தா! இது சுட்ட பயிர்!" பிறகு சாக்கை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் போனாள்.

ஒரு செடிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் பெரிய மச்சானும். அவர் அலவாங்கை மண்ணில் குத்தி நிறுத்தினார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மச்சி, அண்டைக்கு நான் சொல்லாம விட்டதுக்கு… எனக்கு மன்னிப்புத் தந்துட்டீங்களா?"

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லத்தான் வேண்டும், சொல்வதுதான் அழகு, அல்லாஹ்வும் அதைத்தான் விரும்புகிறான். உள்ளே தேடினேன். இல்லை. அவர் மேல் இரக்கம் இருந்தது. நன்றிகூட இருந்தது. அது மட்டும் இல்லை.

"இன்னம் இல்ல மச்சான்" என்றேன்.

தலையை ஆட்டினார். கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் நெற்றியெல்லாம் கறுத்த மண். "சரி மச்சி" என்றார். அலவாங்கைப் பிடுங்கி மறுபடி அடியில் கொடுத்து நெம்பினார். மண் இளகியது.

"புடிங்க."

பிடித்தேன். இருவருமாக இழுத்தோம். மழை விழத் தொடங்கியது. இன்னும் பாதித் தோட்டம் கிடந்தது.